பகிரும் சுட்டியில் போடும் ஆண்டுக்கு ஒரு சொல்
(சொற்பட்டியல் குழுவின் உரையாடல்; எழுதுவோருக்கு அவரவர் ஊரே பெயர்)

மஞ்சக்குப்பம்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான புயல்காலக் கைத்தாள் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது புயல்’ என்ற தலைப்பு தானேவுக்கும் (2011) பொருந்தும், நிவருக்கும் (2020) பொருந்தும், ஃபெஞ்சலுக்கும் (2024) பொருந்தும். மழை பிடித்ததும் மூன்றும் கலந்து வாட்ஸ்அப்பில் சுற்றும். அதனால் பகிரும் சுட்டிக்கு (லிங்க்) முன்னால், செய்தி முதலில் வந்த ஆண்டை எழுதச் சொல்கிறோம். ஆண்டு எழுதும் கட்டத்துக்குப் பெயர் வேண்டும், 12 எழுத்துக்குள். இப்போதைக்கு ‘மூல ஆண்டு’.

லாஸ்பேட்டை:
மூலம் வேண்டாம் ஐயா, பிள்ளைகளுக்குச் சுவர் விளம்பர வைத்தியர்தான் நினைவுக்கு வருவார். ‘முதலாண்டு’ என்றால் கல்லூரி. பதிப்பாண்டு?

பண்ருட்டி:
பதிப்பு நூலுக்கு. காணொளியை யார் பதிப்பித்தார்? வெளியீடு + ஆண்டு = வெளியீட்டாண்டு. உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று இரட்டும், நன்னூலே போதும்.

திருப்பாதிரிப்புலியூர்:
முதலில் ‘சுட்டி’யைத் திருத்துங்கள். அது குறும்புக் குழந்தை. தொடுப்பு என்பதே சரி.

அரியாங்குப்பம்:
ஒன்பதாம் வகுப்புக்குத் தொடுப்பா? பெற்றோர் கூட்டத்தில் நீங்களே வந்து விளக்குங்கள்.

முத்தியால்பேட்டை:
சொல் இருக்கட்டும், எந்த ஆண்டை எடுப்பது? பக்கத்தின் மேலே தெரிவது பல நேரம் புதுப்பித்த தேதி. தளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றினால் பழைய செய்திக்கெல்லாம் மாற்றிய நாளே விழுந்துவிடுவதுண்டு. முகவரியில் 2011/12 போல இருந்தால் அதை முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் கணினியில் பக்கத்தின் நிரலைத் திறந்து ‘டேட்பப்ளிஷ்டு’ (datePublished, வெளியான தேதி) தேடுங்கள். அதன் அருகிலேயே இருக்கும் ‘டேட்மாடிஃபைடு’ (dateModified, திருத்திய தேதி) நமக்கு வேண்டாம். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் முதல் நகல் எந்த நாளோ, செய்தி அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. யூடியூப் காட்டுவது ஏற்றிய நாளை மட்டும்: தானே புயல் காட்சியை 2024இல் யாராவது மறுபடி ஏற்றினால் 2024 என்றே நிற்கும். ஆண்டைத் தலைப்பின் கடைசியில் போடாதீர்கள், கைப்பேசித் திரை வாலை வெட்டிவிடும்.

பண்ருட்டி:
அப்படியானால் இரண்டு சொல் தேவை. பாண்டியர் கல்வெட்டில் ‘யாண்டு இத்தனையாவதின் எதிர் இத்தனையாவது’ என்று இரட்டை ஆண்டு வரும். முதலில் வந்தது யாண்டு, மறுபடி ஏற்றியது எதிராண்டு. தயாராகவே இருக்கிறது!

அரியாங்குப்பம்:
‘யாண்டும் இடும்பை இல’ படித்த பிள்ளை, யாண்டு என்றால் எங்கே என்று கேட்குமே. பேசாமல் ‘பழசு 2011’ என்று போடுங்கள்.

பண்ருட்டி:
பழசு என்றால் தள்ளிவிடு என்று அர்த்தமாகிவிடும். தானே புயலில் எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்ததைப் பற்றிய 2011 கட்டுரை இன்றும் படிக்க வேண்டியது. தெரிய வேண்டியது ஆண்டு மட்டுமே.

லாஸ்பேட்டை:
இதை ஏற்கிறேன். பிரிட்டிஷ் நாளிதழ் கார்டியன் 2019இல் பழைய கட்டுரைகளின் பகிர்வுப் படத்தில் ஆண்டைத்தான் போடத் தொடங்கியது. ஃபேஸ்புக் 2020இல், 90 நாளுக்கு மேற்பட்ட செய்தி என்றால் பகிரும்முன் நிறுத்திக் கேட்டது. ஆனால் யாண்டு வேண்டாம்.

மஞ்சக்குப்பம்:
அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். ‘வெளியான ஆண்டு’ என்று அனுப்புகிறேன். உறுதியாகத் தெரியாவிட்டால் கேள்விக்குறி, ஊகம் வேண்டாம். மறு ஏற்றத்துக்குத் தனிக் கட்டம் இல்லை.

முத்தியால்பேட்டை:
சரி.

லாஸ்பேட்டை:
சரி.

பண்ருட்டி:
அது பெயரெச்சத் தொடர், கலைச்சொல் ஆகாது. கைத்தாளில் போகட்டும், சொற்பட்டியலில் வெளியீட்டாண்டு என்றே பதியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்:
சுட்டி மீதான என் மறுப்பையும் சேர்த்துப் பதியுங்கள்.