அட்டைச் சிற்ப ஸ்டாப் மோஷன்: வெளிச்சம் துடிக்கிறது, விளிம்பில் அலை வரிகள், சிற்பம் சாய்கிறது

தறி:
வணக்கம். 40 செ.மீ. உயர மனித உடற்பகுதி ஒன்றை ஈ-ஃப்ளூட் அட்டையில் (இரு தாள்களுக்கு நடுவே நெளித்தாள் உள்ள 3 பிளை பெட்டி அட்டை, கனம் 1.6 மி.மீ.) சுமார் 250 வில்லைகளாக வெட்டி, க்ளூ கன்னால் அடுக்கி ஒட்டியிருக்கிறேன். ஸ்டாப் மோஷனுக்காக (கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டுவது) சுழல்மேடையில் வைத்து ஒரு சுற்றுக்கு 120 ஃப்ரேம், அதாவது ஃப்ரேமுக்கு 3 டிகிரி. ஓட்டம் விநாடிக்கு 12. 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், துளை எஃப்/8, ஷட்டர் 1/125 விநாடி, மேனுவல் மோட். வெளிச்சத்துக்கு இரண்டு சாதாரண எல்இடி பல்பும் ஜன்னலும். காட்சி அகலம் 2 மீட்டர்; சிற்பத்தைச் சுற்றி வெறுமை வேண்டும்.

ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் துடிக்கிறது. 1920 பிக்சல் அகலத்துக்கு இறக்கிய படத்தில் அடுக்குகளின் மேல் அலை வரிகள் ஓடுகின்றன. மறுநாளே தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அட்டை தளர்வதுதான் படத்தின் பொருள். ஆனால் இப்போது தெரிவது அட்டையின் மாற்றமா, கேமராவின் கோளாறா என்றே பிரிக்க முடியவில்லை.

ஒளிக்கூடு:
துடிப்புக்கு மூன்று காரணம் இருக்கலாம். முதலில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் முழுசா மூடுங்க. மேகம் நகர்ந்தாலே அளவு மாறும். அடுத்தது பல்பு. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை மின்னும். 1/125-ல் ஒரு முழு மின்னல்கூட அடங்காது. நிற்கிற பொருளைத்தானே எடுக்கிறீங்க, ஐஎஸ்ஓ 100 வைத்து பல்பை விலக்கியோ குறைத்தோ ஷட்டரை அரை விநாடிக்குக் கொண்டுபோங்க. 50 மின்னல் சேர்ந்து சமமாகிடும்.

பலர் தவறவிடுவது மூன்றாவது: மேனுவல் மோடிலும் ஒவ்வொரு கிளிக்குக்கும் லென்ஸ் இதழ்கள் மூடித் திறக்கும், துளை துல்லியமா ஒரே அளவுக்கு வராது. துளை வளையம் உள்ள பழைய லென்ஸை அடாப்டரில் போடுங்க. கேனான் என்றால், டெப்த் ப்ரிவ்யூ பட்டனை (படம் எடுக்கும் முன்பே துளையைச் சுருக்கிக் காட்டுவது) அழுத்தியபடியே லென்ஸ் ரிலீஸையும் அழுத்தி லென்ஸைக் கொஞ்சம் திருப்பினால் துளை எஃப்/8-லேயே நின்றுவிடும். லென்ஸ் முழுசாப் பூட்டியிருக்காது, கேமராவைத் தூக்காதீங்க. ஒயிட் பேலன்ஸையும் (படத்தின் நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாம ஒரே கெல்வின் எண்ணில் பூட்டுங்க. கறுப்புச் சட்டை போட்டு ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரே இடத்தில் நில்லுங்க. வெள்ளைச் சட்டை அட்டையில் பிரதிபலிக்கும்.

நெளிவரி:
அலை வரிகள் பற்றி. 2 மீட்டரை 1920-ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் சுமார் 1 மி.மீ. உங்கள் அடுக்கு 1.6 மி.மீ., அதாவது ஒன்றரை பிக்சல். 2 பிக்சலுக்குக் கீழே போகும் அடுக்கு இப்படித்தான் அலையும். முதலில் ராவ் கோப்பை (கேமரா பதிந்த மூலப் படம்) 100 சதவீதத்தில் பாருங்கள். 6000 பிக்சலில் ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய 5 பிக்சல் கிடைக்கும், அங்கே வரி இருக்காது. அப்படியானால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம், சுருக்கும்போதுதான் கெடுகிறது. முழு அளவில் 1.5 பிக்சல் காஸியன் ப்ளர் (மென்மையான மங்கல்) கொடுத்துவிட்டு 1920-க்கு இறக்குங்கள். 3840-ல் வெளியிட்டால் அடுக்குக்கு 3 பிக்சல், வெறுமையையும் இழக்க வேண்டாம். நான் இதைத்தான் தேர்வேன்.

அடுக்குமேசை:
சாய்வுக்கு ஈரப்பதத்தை மட்டும் சொல்ல முடியாது. க்ளூ கன் பசை மெல்லியதாகப் படியாது. ஒரு அடுக்கில் ஒரு பக்கம் 0.1 மி.மீ. கூடினாலும் 250 அடுக்கில் 25 மி.மீ. ஆகிவிடும். ஃபெவிகாலைக் கொஞ்சம் நீர்த்து, ரோலரில் மெல்லிசாகத் தடவி, 20 வில்லைக்கு ஒரு தடவை எடை வைத்துக் காயவிடுங்க. தண்ணீர் கூடினால் தாள் சுருண்டுக்கும். நெளியின் திசையை அடுக்குக்கு அடுக்கு 90 டிகிரி மாற்றுங்க. நடுவில் 10 மி.மீ. கம்பி ஒன்றைச் செருகி, கீழே 12 மி.மீ. பிளைவுட்டில் நட்டு போட்டு முறுக்குங்க. படம் எடுக்கும் அறையிலேயே ஒரு நாள் முன்னாடி வைத்துவிட்டால் ஈரம் சமமாகும்.

தறி:
கம்பி போட்டால் தளர்வு எங்கே வரும்? அதுதானே எனக்கு வேண்டும்.

அடுக்குமேசை:
கம்பியை இடுப்போடு நிறுத்துங்க. அதற்கு மேலே ஃபெவிகாலுக்குப் பதில் மைதா பசை. அட்டையின் நெளியைத் தாளோடு ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் ஸ்டார்ச் பசைதான், நனைந்தால் இரண்டும் சேர்ந்தே விடும். கேமராவுக்குத் தெரியாத பின்பக்கம் ஸ்ப்ரேயரில் பனித்துளி போல அடிங்க. நனைந்த பக்கம் நசுங்கி, உடல் அந்தப் பக்கமாகவே சாயும். தோளில் 200 கிராம் மணல்பை வைத்தால் சாய்வு சீக்கிரம் தொடங்கும்.

இந்தக் காட்சியில் மேடையைச் சுழற்ற வேண்டாம். 4 மணி நேரச் சரிவுக்கு 2 நிமிடத்துக்கு ஒரு ஃப்ரேம், 120 ஃப்ரேம். கேமராவை டம்மி பேட்டரியில் (சுவர் மின்சாரத்தில் இணைக்கும் பேட்டரி வடிவ அடாப்டர்) ஓட்டி, இன்டர்வல் ரிமோட்டில் விடுங்க, கை படக்கூடாது.

ஒளிக்கூடு:
ஒன்று சேர்க்கிறேன். அட்டைக்கு வண்ணம் பூசாதீங்க. அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷன்பெர்க் 1971-ல் அட்டைப்பெட்டிகளை அச்செழுத்தும் கிழிசலுமாக அப்படியே சுவரில் வைத்தார். அட்டையின் பழைய வேலை அதில் தெரிந்தது. உங்க வில்லைகளிலும் பெட்டியின் அச்சு வெளியே தெரியும்படி சிலதைத் திருப்பி வையுங்க. சரியும்போது எந்த அடுக்கு எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கண் பிடிக்க அந்த எழுத்தே அடையாளமாகும். விளக்கை ஒரே பக்கத்திலிருந்து, தாழ்வாக, 15 டிகிரிக்குள் வையுங்க. நெளியின் நிழல் நீளும்போதுதான் அசைவு தெரியும்.