பார்பிக்யூவுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

குழு: நம்ம வீடு, கோத்தகிரி

ஞாயிறு

அண்ணி, காலை 9:40
நேற்று குன்னூரில் அந்தப் புது பார்பிக்யூ கடைக்குப் போனீர்களாமே, எப்படி இருந்தது? அடுத்த ஞாயிறு அத்தை பிறந்தநாளுக்கு அங்கேயே போகலாமா என்று உன் அண்ணன் கேட்கிறார்.

நான், 9:52
தாராளமாகப் போகலாம் அண்ணி. மேசை நடுவில் ஒரு குழி, அதில் கங்கு நிறைந்த பெட்டியைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கம்பியில் குத்திய கோழி, மீன், பனீர், காளான், அன்னாசி எல்லாம் உள்ளேயே முக்கால் பதம் வெந்துதான் வருகிறது. நாம் திருப்பித் திருப்பி, எண்ணெய் தடவி, சுடச்சுட எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். நம்ம ஊர்க் குளிரில் தட்டில் வைத்தது எதுவும் உடனே ஆறிவிடும் இல்லையா. அங்கே கடைசித் துண்டு வரைக்கும் சூடு.

அம்மா, 10:05
நான் எதற்கு? நீங்கள் பிள்ளைகளோடு போய்விட்டு வாருங்கள். புரட்டாசி முடியும் வரை கவுச்சி தொட மாட்டேன்.

நான், 10:07
அதையும் விசாரித்துவிட்டேன் அம்மா. சைவத்துக்குத் தனி நெருப்பு, தனிக் கம்பி, எண்ணெய் தடவும் பிரஷ் கூடத் தனி. ஆனால் இடம் பிடிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஒரே நெருப்பில்தான், காளானுக்குப் பக்கத்தில் கோழி.

அம்மா, 10:10
காளானை என்ன செய்கிறார்கள்? நமக்கு எப்போதும் தண்ணீர் விட்டுக்கொள்ளுமே.

நான், 10:16
குடையைக் கவிழ்த்து, குழிவு மேலே இருக்கும்படி வைத்துச் சுடுகிறார்கள் அம்மா. விடுகிற தண்ணீர் கீழே கொட்டாமல் அந்தக் குழிவிலேயே நிற்கிறது. அதில் உப்பும் மிளகும் மட்டும். வாயில் வைத்தால் அந்தச் சாறுதான் முதலில் வரும், நேற்று சாப்பிட்டதில் எனக்குப் பிடித்தது அதுதான். கேரட்டும் நன்றாக இருந்தது, ஓரம் கருகி உள்ளே தித்திப்பாக. சின்ன உருளைக்கிழங்கை முதலில் அவித்துவிட்டு அப்புறம் சுடுகிறார்கள்.

சித்தப்பா, 10:21
அவிக்காமல் வைத்தால் தோல் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். அவிப்பதற்கும் இங்கே குக்கர் வேண்டும். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. கங்குக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆமாம், என்ன கரி போடுகிறார்கள்? சீகை மரமா, தைலம் எடுக்கிற கற்பூர மரமா (யூகலிப்டஸ்)?

நான், 10:23
கொட்டாங்குச்சிக் கரி சித்தப்பா. கீழே சமவெளியிலிருந்து வருகிறதாம்.

சித்தப்பா, 10:27
அப்படியென்றால் சரி. கற்பூர மர விறகில் சுட்டால் தைல வாடை ஏறிவிடும். கொட்டாங்குச்சிக் கரி நின்று எரியும், புகையும் குறைவு. அதையும் மீறிப் புகை வந்தால் கறியின் கொழுப்பு நெருப்பில் சொட்டுகிறது என்று அர்த்தம். கம்பியைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினால் போதும்.

அண்ணி, 10:30
பிள்ளைகளுக்கு?

நான், 10:36
தலைக்கு ஒரே விலை, சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு. முதலில் வரும் சோளத்திலும் கிழங்கிலும் அவர்கள் வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். கோழியை எலும்போரம் பிய்த்துப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் மறுபடி நெருப்பில் வையுங்கள். கோழி உள்ளே 74 டிகிரியாவது சூடேற வேண்டும், கேட்டால் அவர்களே ஊசி வைத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். பிரியாணி சுமார்தான், அதற்கு இடம் வைக்க வேண்டாம். அன்னாசிக்கு வையுங்கள். சர்க்கரை, மிளகாய்த்தூள், பட்டைப்பொடி தடவிச் சுடுகிறார்கள். சர்க்கரை உருகி மேலே ஒட்டிக்கொண்டு அவ்வளவு நன்றாக இருக்கிறது.

தம்பி, 11:02
அக்கா, அந்த மாதிரி அடுப்பு ஒன்று நாமே வாங்கிவிடலாமே? பிறந்தநாளை வீட்டிலேயே வைக்கலாம். மழை வந்தால் ஹாலில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சுடலாம்.

சித்தப்பா, 11:09
ஹாலில் வேண்டவே வேண்டாம் தம்பி. 2024-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தவர்களில் இரண்டு பேர் அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் எழவே இல்லை. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ரத்தத்தில் அது ஒட்டிக்கொள்ளும். தலை வலிக்கும், தூக்கம் வரும், குளிர் என்று நினைத்துப் போர்த்திப் படுத்துவிடுவோம். சாம்பல் பூத்த கங்கிலிருந்தும் வரும். ஜன்னல் திறந்திருந்தாலும் நம்ப முடியாது. இந்த மலையில் கணப்பு வைத்துப் படுக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

தம்பி, 11:12
சரி சித்தப்பா. அப்போது கடையில் எப்படி?

நான், 11:15
ஒவ்வொரு மேசைக்கும் மேலே புகையை இழுக்கிற குழாய் இருக்கிறது. போதாததற்கு ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வராந்தா. நாங்கள் வராந்தாவில்தான் உட்கார்ந்தோம், நீங்களும் அதையே கேளுங்கள்.

சித்தப்பா, 11:18
வீட்டில் ஆசையென்றால் வாசலில், கூரைக்கு வெளியே. முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். எண்ணெய்த் தட்டு, எலும்பு எதையும் வெளியே விட்டுவிடாதே. கரடி வந்துவிடும்.

அம்மா, 11:20
வரும். கீழ் வீட்டில் சமையலறைக் கதவைப் பெயர்த்து எண்ணெய் டின்னைக் காலி செய்துவிட்டுப் போனது.

அண்ணி, 11:26
அப்போது கடைக்கே போகலாம். மதியமா, இரவா?

நான், 11:28
மதியம் அண்ணி. இரவென்றால் கோத்தகிரி ரோட்டில் பனி இறங்கிவிடும், வளைவில் காட்டெருமை நின்றாலும் பக்கத்தில் போகும் வரை தெரியாது.

அம்மா, 11:40
என்னால் அவ்வளவு சாப்பிட முடியாது. தலைக்கு ஒரே விலை என்கிறாய், வீண்தானே?

நான், 11:49
அம்மா, வீட்டில் தோசையை நீங்கள் சூடாகச் சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் ஊற்றிப் போட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, கடைசியில் ஆறினதை நின்றுகொண்டே சாப்பிடுவீர்கள். அங்கே நெருப்பு உங்கள் முன்னால் இருக்கும், யாரும் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், கம்பியைத் திருப்புவது நாங்கள். நாலு காளானும் இரண்டு துண்டு அன்னாசியும் சாப்பிட்டால் போதும். உங்களுக்காகத்தான் போகிறோம், பிள்ளைகளுக்காக இல்லை.

அண்ணி, 11:51
நானும் அதையேதான் சொல்ல வந்தேன் அத்தை. வாருங்கள்.

அம்மா, 12:14
சரி. சால்வை எடுத்துக்கொள்கிறேன், வராந்தாவில் காற்று அடிக்கும்.

நான், 12:15
அப்போது ஞாயிறு 12:30-க்குச் சொல்லிவிடுகிறேன். வராந்தா மேசை, சைவத்துக்குத் தனி நெருப்பு.

சித்தப்பா, 12:20
நான் அருவங்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுகிறேன், எனக்காக யாரும் வண்டியைத் திருப்ப வேண்டாம்.