பெங்களூரு வீட்டில் முதன்முதலாகக் கோழி: எந்த இனம் வாங்கலாம்?

ராமமூர்த்தி நகர் வாசி:
வணக்கம். முப்பதுக்கு நாற்பது மனையில் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. பின்பக்கம் துவைகல்லும் மாமரமும் போக, பன்னிரண்டடிக்கு எட்டடி மண் தரை இருக்கிறது. அதில் ஐந்தாறு கோழி வளர்க்க ஆசை. வீட்டில் ஐந்து பேர். முட்டைதான் முக்கியம், கறிக்காக இல்லை.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். திருவண்ணாமலைக்காரரான என் மாமியார் சிறுவிடை என்ற சின்ன உடம்பு நாட்டுக்கோழியைத் தவிர வேறெதையும் கோழி என்று ஒப்புக்கொள்வதில்லை. அலுவலக நண்பர் கடக்நாத் வாங்கச் சொல்கிறார். தீவனக் கடையில் பிவி 380 என்கிறார்கள். நான் கோழியைக் கையால் தூக்கியதுகூட இல்லை. எது சரிப்படும்?

தர்மபுரிக்காரன்:
உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. சிறுவிடை தானே இரை தேடும், தானே அடை காக்கும், குஞ்சையும் தானே வளர்க்கும். மற்றதெல்லாம் தீவன மூட்டையை நம்பிப் பிழைப்பவை.

கொய்யாமரத்தடி:
தம்பி, லிங்கராஜபுரத்தில் பல வருடங்களாகக் கோழி வளர்க்கிறேன், சொல்கிறேன் கேளுங்கள். தர்மபுரித் தம்பி சொன்னது தோட்டத்தில் உண்மை. எட்டடி மண்ணில் இரை எங்கே இருக்கிறது? ஒரே மாதத்தில் புல்லையும் புழுவையும் காலி செய்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கும். அதோடு சிறுவிடைக்கு உடம்பு லேசு. மாமரத்தில் ஏறும், அங்கிருந்து அடுத்த வீட்டு மாடிக்குப் போய் அவர்கள் துளசித் தொட்டியைக் கிளறும். முட்டையும் வருடத்துக்கு அறுபது, எண்பதுதான். பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். மாமியாரின் மனம் குளிர ஒன்று வாங்குங்கள். ஆறும் அதுவாக வேண்டாம்.

கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி. 2018இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதற்கு வந்த மவுசு இருக்கிறதே! கறி, எலும்பு எல்லாம் கறுப்பு. முட்டை சிறியது, எண்ணிக்கையும் சிறுவிடையைவிடப் பெரிதாக அதிகமில்லை, குஞ்சு விலையோ யானை விலை. முட்டைக்காக அதை வாங்குவது வீண். பெருவிடை என்ற பெரிய உடம்பு நாட்டுக்கோழி இன்னும் மோசம்; அது சண்டைக்கு என்றே வந்த வம்சம், இரண்டு பெட்டையைக் குறுகிய இடத்தில் விட்டால்கூடக் கொண்டையில் ரத்தம் பார்க்காமல் விடாது.

பிவி 380 பழுப்பு முட்டைக் கோழி. கூண்டுப் பண்ணையில் 300 முட்டையைத் தாண்டும் என்பது சரிதான். ஆனால் அந்த எண்ணிக்கை முழு முட்டைக்கோழித் தீவனத்துக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் கிடைப்பது. சமையலறை மிச்சத்தையும் கம்பையும் போட்டு வளர்த்தால் ஓடு மெலிந்து, கோழியும் ஓய்ந்துபோகும்.

நம் ஊரிலேயே, ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவாக்கிய இரண்டு இனங்கள் இருக்கும்போது எதற்கு ஜாபுவாவரை போக வேண்டும்? முதலில் வந்தது கிரிராஜா. வருடத்துக்கு 130 முதல் 150 முட்டை, ஒவ்வொன்றும் 52 முதல் 55 கிராம். அடுத்தது 2005இல் வந்த சுவர்ணதாரா. முட்டை 180ஐத் தொடும், உடம்பும் சற்றுச் சிறியது. கிரிராஜா கனத்த உடம்பு. தாழ்ந்த வேலியே போதும், பறக்காது. அதே கனத்தால் பூனையோ நாயோ வந்தால் ஓடவும் முடியாது. சுவர்ணதாரா தப்பித்துவிடும். அதனால் என் ஓட்டு சுவர்ணதாராவுக்கு. நான்கு சுவர்ணதாரா, ஒரு கிரிராஜா, ஒரு சிறுவிடை. நன்றாக இடும் காலத்தில் தினம் இரண்டு முட்டைக்குக் குறையாது, ஐந்து பேருக்குப் போதும். ஹெப்பாள் கோழிகளுக்கு அடை காக்கும் குணம் கிடையாது. அந்தச் சிறுவிடை ஒன்றுதான் குஞ்சு பொரிக்க உதவும், அதற்கும் கருவுள்ள முட்டையை வெளியே வாங்கி வைக்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். சந்தையில் கலர் குஞ்சைக் காட்டி "நாட்டி கோளி" என்று கன்னடத்தில் கூவி விற்பார்கள். அதை நம்பி வாங்கினால் என்ன வளரும் என்று வளர்ந்த பிறகுதான் தெரியும். ஹெப்பாளிலோ, ஹெசரகட்டாவில் இருக்கும் மத்திய அரசின் கோழிப் பண்ணையிலோ கேளுங்கள். போவதற்கு முன் போன் செய்துவிடுங்கள். எந்த இனக் குஞ்சு எந்த வாரம் பொரிகிறது என்று சொல்வார்கள்.

ராமமூர்த்தி நகர் வாசி:
மிக்க நன்றி அம்மா. ஆறு குஞ்சு வாங்கினால் ஆறும் பெட்டையாக இருக்குமா? சேவல் இல்லாமல் முட்டை வருமா? பக்கத்து வீட்டுக்காரர் இரவுப் பணி முடித்துவந்து விடியற்காலையில்தான் தூங்குபவர்.

கொய்யாமரத்தடி:
முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சுக்குத்தான் தேவை. பக்கத்து வீட்டுக்காரர் அப்படி என்றால் சேவலை மறந்துவிடுங்கள், நான்கு மணிக்கே ஆரம்பித்துவிடும்.

ஒரு நாள் குஞ்சுகளைப் பெரும்பாலும் ஆண், பெண் பிரிக்காமல்தான் கொடுப்பார்கள். பாதி சேவலாகப் போகும். புதிதாக வளர்ப்பவர்கள் எட்டு வாரத்துக் குஞ்சு வாங்குவது நல்லது. அதற்குள் சேவலின் கொண்டை சிவந்து தெரியும், பெட்டையைப் பார்த்து எடுக்கலாம். விலை கூடத்தான், ஆனால் பல்பு போட்டு அடைகாப்புச் சூடு கொடுக்கும் வேலை மிச்சம். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும். டிசம்பர் இரவில் பெங்களூரு 15 டிகிரிக்கு இறங்கும்போது அது லேசான காரியமா?

ஹொரமாவு கால்நடை உதவியாளர்:
அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எட்டு வாரத்துக் குஞ்சு வாங்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற கொள்ளை நோய்க்கு 7ஆம் நாளும் 28ஆம் நாளும் கண்ணில் சொட்டு மருந்து போட்டிருக்க வேண்டும். எட்டாவது வாரத்தில் ஊசி. அதைப் போடாமல் கொடுத்தால் நீங்கள்தான் போட்டாக வேண்டும். 14ஆம் நாள் கம்போரோ என்ற இன்னொரு கோழி நோய்க்கான மருந்து. நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று சிலர் சொல்வார்கள். வெள்ளைக்கழிச்சல் இனம் பார்ப்பதில்லை.

தீவனக் கணக்கையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்த கோழி ஒன்று நாளைக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். ஆறுக்கு மாதம் இருபது கிலோவைத் தாண்டும். முட்டை ஓடு கெட்டியாக இருக்க, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மேலே வலை கட்டாயம்; நம் ஊர்ப் பருந்துகளுக்குக் குஞ்சு பார்த்தால் கை நீளும். கீழே பெருச்சாளி தோண்டும், கூண்டைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குக் கம்பி வலையைப் புதைத்துவிடுங்கள். தரையில் உமி பரப்பி வாரம் இரண்டு முறை கிளறினால் அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்த மாட்டார்கள்.

தர்மபுரிக்காரன்:
சரி, ஒரு சிறுவிடையாவது கிடைத்ததே. அதை மட்டும் ஊரிலிருந்து வாங்கி வாருங்கள், மற்றவற்றோடு உடனே கலக்காமல் இரண்டு வாரம் தனியாக வையுங்கள்.

ராமமூர்த்தி நகர் வாசி:
நாளை ஹெசரகட்டாவுக்கு போன் செய்கிறேன். கூண்டு முடியும்வரை குஞ்சு வாங்குவதாக இல்லை.