பாடாங் செராய் சொந்தங்கள் குரூப்: தேவி கூச்சிங் போனப்போ

வியாழக்கிழமை

தேவி: எல்லாருக்கும் சொல்லிடுறேன், நாங்க சரவாக்ல கூச்சிங் வந்து சேந்துட்டோம். அவருக்கு கோர்ஸ் நாளைக்குத்தான் ஆரம்பம். பினாங்குலேர்ந்து நேரா ஃப்ளைட், ரெண்டு மணி நேரம் கிட்ட ஆச்சு. இறங்குனதும் இமிகிரேஷன் கவுண்டர்ல ஐசி (அடையாள அட்டை) கேட்டாங்க

லெட்சுமி சித்தி: மலேசியாவுக்குள்ளதானேமா போற, எதுக்கு இமிகிரேஷன்

ராமு பெரியப்பா: சரவாக்குக்கு அந்த அதிகாரம் தனியா இருக்கு லெட்சுமி. 1963ல மலேசியாவுல சேரும்போதே பேசி வாங்குனது. நம்ம தீபகற்பத்து ஆளுங்களுக்கு பாஸ்போர்ட் வேணாம், ஐசி போதும், 90 நாள் வரைக்கும் இருக்கலாம்

தேவி: ஆமா பெரியப்பா அதேதான். இன்னொண்ணு, இங்க ஆறரைக்கெல்லாம் இருட்டிக்கிட்டு வருது, நம்ம ஊர்ல ஏழு தாண்டியும் புள்ளைங்க ஃபுட்பால் ஆடிட்டு இருக்கும். கடிகாரம் ஒண்ணுதான் ஆனா சூரியன் முந்தி வந்து முந்தி போயிடுது, அதனால வர்றவங்க காலையில சீக்கிரம் கெளம்பிடணும்

குமார்: அங்க பாக்க என்னா இருக்கு தேவி, பூனை சிலை மட்டும்தானே

தேவி: அண்ணே பூனை சிலைய அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம். 2021 நவம்பர்ல யுனெஸ்கோ இந்த ஊர படைப்பாக்க நகரம்னு பட்டியல்ல சேத்துச்சு, சமையல் கலைக்காக. மலேசியாவுலேர்ந்து அந்த பட்டியல்ல போன முதல் ஊரே இதுதான்

குமார்: சாப்பாட்டுக்கா? பினாங்கு இருக்கும்போது கூச்சிங்குக்கா? ஏத்துக்கவே முடியாது லா

சாந்தி: அண்ணன ஆரம்பிச்சு விட்டுட்டியே தேவி

தேவி: நாளைக்கு காலையில சாப்ட்டுட்டு பதில் சொல்றேன்

வெள்ளிக்கிழமை

தேவி: (படம்) குமார் அண்ணே பாருங்க, சரவாக் லக்சா, நூடுல்ஸ் சூப்பு. இங்க இது காலை சாப்பாடு, பத்து மணிக்கு மேல போனா நல்ல கடையில தீர்ந்து போயிடும்னு ஹோட்டல் தம்பி சொன்னான், அதான் ஏழரைக்கே போய் உக்காந்துட்டோம். பினாங்கு லக்சாவுல புளியும் மீனும் தூக்கலா இருக்கும்ல, இது வேற சாமான். எறால் தலை ஓடு எல்லாம் போட்டு கொதிக்க வச்ச தண்ணியில சம்பல் மசாலாவ கரைச்சு, அத வடிகட்டி, அப்புறம்தான் தேங்காப்பால் ஊத்துறாங்க. வடிகட்டுறதுனால நாக்குல மசாலா திப்பி ஒண்ணும் மாட்டல ஆனா காரம் தொண்டை வரைக்கும் போவுது. மேல மெல்லிசா நறுக்குன முட்டை, பிச்சுப்போட்ட கோழி, எறால், கொத்தமல்லி. ஓரத்துல கஸ்தூரி எலுமிச்சையும் எறால் விழுது போட்ட சம்பல் பெலாச்சானும் தனியா வைக்கிறாங்க, அத நம்ம கையாலதான் கலக்கணும்

லெட்சுமி சித்தி: பெலாச்சான் போட்டா நான் எப்படிமா சாப்பிடுறது, வெள்ளிக்கிழமை வேற

தேவி: சித்தி இங்க சீன சைவக் கடைங்க இருக்கு. மிடின்னு ஒரு காட்டுக்கீரை, சுருட்டிக்கிட்டு இருக்குமே அந்த பாக்கு கீரை வகைதான், நுனி இன்னும் சின்னது, வதக்குனாலும் கடிச்சா நறுக்குனு இருக்கு. பெலாச்சான் வேணாம் வெறும் பூண்டு மட்டும் போடுங்கன்னு மலாய்ல சொன்னா போட்டு குடுக்குறாங்க. கோலோ மீன்னு ஒரு நூடுல்ஸ், அது சாப்பிடும்போதுதான் கேட்டு சாப்பிடணும், சீனக் கடையில பன்னிக் கொழுப்பு போடுவாங்க, மலாய்க்காரங்க கடையில மாட்டுக்கறி இருக்கும், கோழி போட்டதும் கிடைக்குது. நம்ம ஆளுங்க வாயத் தொறந்து கேட்டாலே போதும், யாரும் முகம் சுளிக்கல

குமார்: சரி லக்சா நல்லா இருக்கட்டும். ஒரு லக்சாவுக்கு யுனெஸ்கோவா?

தேவி: ஒரு லக்சாவுக்கு இல்ல அண்ணே. இங்க ஈபான், பிடாயு, மெலானாவ், ஓராங் உலு, மலாய், சீனவங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு சமையல் இருக்கு, அதுல பாதி சாமான் காட்டுலேர்ந்தும் ஆத்துலேர்ந்தும் வருது. மத்தியானம் மானோக் பான்சோ சாப்ட்டோம். கோழிய இஞ்சி, செராய் (எலுமிச்சைப் புல்லு) எல்லாம் போட்டு பச்சை மூங்கில் குழாய்க்குள்ள அடைச்சு வாய்க்கு மரவள்ளி இலைய திணிச்சு நெருப்புல சாத்தி வைக்கிறாங்க. எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. கொட்டும்போது அந்த தண்ணிய குடிச்சுப் பாக்கணும், மூங்கில் வாசம் அப்படியே ஏறியிருக்கு

லெட்சுமி சித்தி: மரவள்ளி இலையா!! தோட்டத்துல எங்கம்மா அதுலதான் கீரை கடைவாங்க, சம்பளத்துக்கு முந்துன வாரம்னா அதேதான்

தேவி: அதையேதான் சித்தி இங்க பெருமையா மேசையில வைக்கிறாங்க. எனக்கு அதப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு, நம்ம வீட்டுல அத ஏழை சாப்பாடுன்னு விட்டுட்டோம்ல, என் மகளுக்கு அந்த ருசியே தெரியாது

சாந்தி: போட்டோ எடுக்கற மாதிரி இடம் எதாச்சும் சொல்லு, டிக்டோக்ல ஒரு கஃபே பாத்தேன் சுவரு பூரா பெயிண்டிங்

தேவி: அக்கா அந்த மாதிரி ஒரு கஃபேக்குப் போனேன், பேரு வேணாம். ஏர்கோன், சுவத்துல படம், லக்சா மட்டும் ஆறிப்போய் வந்துச்சு, காலையில குடுத்த காசு மாதிரி ரெண்டு மடங்கு. படம் பாக்கணும்னா கார்பெண்டர் ஸ்ட்ரீட் பக்கம் நடந்துக்கிட்டே பாக்கலாம், ஒராங் ஊத்தான் படம் எல்லாம் சந்து சுவத்துலயே இருக்கு, காசு இல்ல. அதே தெருவுல மரவேலை செய்யறவங்க, பழைய சீனக் கோயில், அதுக்கு எதுத்தாப்ல சாப்பாட்டுக் கடைங்க, எல்லாம் ஒண்ணாத்தான் கிடக்குது. இந்த ஊர நடந்துதான் பாக்கணும், பழைய டவுன் பூரா நடக்கற தூரம்தான். குடை மட்டும் கைல இருக்கணும், சாயந்திரம் ஆனா மழை

யுவராஜ்: சின்னம்மா சாப்பே பாத்தீங்களா? ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வீடியோ காமிச்சாரு

தேவி: பாத்தேன்டா கண்ணு, கிட்டக்க பாத்தேன். ஒரே மரத்துண்ட குடைஞ்சு படகு மாதிரி செய்யறாங்க, பின்பக்கம் தொறந்தே இருக்கும். காயான், கென்யாஹ்னு இங்க உள்ள பூர்வகுடி ஆளுங்களோட வாத்தியம், முன்ன காலத்துல நோய் தீக்கற சடங்குக்குத்தான் வாசிச்சாங்களாம், இப்ப புள்ளைங்க கத்துக்கறாங்க. சந்துபோங் மலை அடிவாரத்துல சரவாக் கல்ச்சுரல் வில்லேஜ்ல 1998லேர்ந்து ரெயின்ஃபாரஸ்ட் இசை விழா நடத்துறாங்க, வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வந்து வாசிப்பாங்க. நீ கீபோர்டோட நிக்காத, ஒரு தடவ வந்து கேளு

யுவராஜ்: அம்மாகிட்ட சொல்லுங்க சின்னம்மா

சாந்தி: எஸ்பிஎம் பரீட்சை முடியட்டும்

சனிக்கிழமை

தேவி: (படம்) இது தம்பாங், ஆத்த கடக்கற மரப்படகு. ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). தாருல் ஹானா பாலம் 2017லயே தொறந்துட்டாங்க, நடந்தும் போலாம், ஆனா படகுல போங்க, தண்ணி மட்டத்துலேர்ந்து பாக்கும்போதுதான் இந்த ஊரு எப்படி ஆத்தப் பாத்து கட்டுனதுன்னு புரியுது. 1879ல கட்டுன மார்கரீட்டா கோட்டையும் அந்தக் கரையிலதான். அங்க மலாய் கம்பத்துல (கிராமத்துல) வீட்டுக்கு வீடு கேக் லாப்பிஸ்னு அடுக்கு கேக் செய்யறாங்க. ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா) உள்ள கூப்டு காமிச்சாங்க. ஒரு கரண்டி மாவ ஊத்தி தகடா பரப்பி, மேல் சூட்டுல மட்டும் வேக வச்சு எடுத்து, ஒரு சின்ன பலகையால அமுக்கி காத்த எடுத்துட்டு, அடுத்த கரண்டி. அடுப்புக்கு முன்னால உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல, பேச்சு எல்லாம் நம்மகிட்ட, கண்ணு மட்டும் அடுப்புல. ஒரு அடுக்கு கருகுனா மொத்தமும் போச்சு. அப்புறம் அத குச்சி குச்சியா அறுத்து ஜாம் தடவி திருப்பித் திருப்பி ஒட்டி மறுபடி வெட்டுனா உள்ள கோலம் வருது, எந்தப் பக்கம் வெட்டுனாலும் அதே கோலம்!! நான் கேட்டேன் வரைபடம் இருக்கா மக்சிக்னு, மண்டைய தொட்டு காமிச்சாங்க

லெட்சுமி சித்தி: கோலம்னு சொல்லிட்ட, எனக்கு ஒண்ணு வேணும்

தேவி: வாங்கியாச்சு சித்தி. அதே மாதிரி புவா கும்புன்னு ஈபான் பொம்பளைங்க நெய்யற துணி, துன் ஜுகா அறக்கட்டளை காட்சிக்கூடத்துல பாத்தேன். பாவு நூல நெய்யறதுக்கு முன்னாலயே கட்டுக்கட்டா முடிச்சுப் போட்டு சாயத்துல முக்குறாங்க, முடிச்சு இருந்த இடம் வெளுப்பா நிக்குது, மத்த இடம் செங்காவி. நெய்ய உக்காரும்போது கோலம் நூல்லயே இருக்கு. பெரிய கோலமெல்லாம் கனவுல வரும்னு அவங்க நம்பிக்கை, கனவுல வராம யாரும் துணிஞ்சு புதுசு நெய்ய மாட்டாங்களாம். அப்புறம் போர்னியோ கல்ச்சர்ஸ் மியூசியம் 2022ல தொறந்தது, அஞ்சு மாடி, ஒரு நாள் பத்தாது, அத விட்டுடாதீங்க

ராமு பெரியப்பா: நம்ம ஆளுங்க இருக்காங்களாமா அங்க

தேவி: இருக்காங்க பெரியப்பா, கொஞ்சம் பேரு. ஜாலான் இந்தியான்னு ஒரு தெரு, துணிக்கடைங்க. ரெண்டு கடைக்கு நடுவுல ஒரு ஆள் போற சந்து, அதுக்குள்ள போனா பழைய இந்தியர் பள்ளிவாசல், அந்தப் பக்கம் வெளிய வந்தா காம்பியர் தெருவுல மசாலாக் கடைங்க, மூக்குக்கு நேரா மல்லியும் சீரகமும். பான் ஹோக் ரோட்டுல காளியம்மன் கோயில் இருக்கு, நேத்து அங்கதான் விளக்கு போட்டேன். ஆனா உங்களுக்குன்னு ஒரு விஷயம் வச்சிருக்கேன், நாளைக்கு போய்ட்டு வந்து சொல்றேன்

ஞாயித்துக்கிழமை

தேவி: பெரியப்பா முழிச்சிருக்கீங்களா

ராமு பெரியப்பா: சொல்லுமா

தேவி: மாத்தாங் மலைக்குப் போய்ட்டு வந்தோம். கோயில்ல பாத்த ஒரு அண்ணன்தான் கூட்டிட்டுப் போனாரு, கொஞ்ச தூரம் வண்டி, மிச்சம் நடை. சரவாக்க ஆண்ட வெள்ளைக்கார ராஜா சார்ல்ஸ் புரூக் காலத்துல அந்த மலையில தேயிலையும் காப்பியும் போட்டு தோட்டம் தொறந்திருக்காங்க. வேலைக்கு இந்தியாவுலேர்ந்தும் சிலோன்லேர்ந்தும் நம்ம ஆளுங்கள கூட்டிட்டு வந்திருக்காங்க. அவங்க அங்கயே காட்டுக்குள்ள மாரியம்மனுக்கு கோயில் கட்டுனாங்க, பெலியான் மரத்துல. தோட்டம் 1912ல மூடிட்டாங்க. ஆளுங்க எறங்கிப் போனதும் காடு வந்து மூடிக்கிச்சு, பல வருஷம் அப்படியே கிடந்து பின்னால கண்டுபுடிச்சு எடுத்துக் கட்டுனாங்க. மரம் கறையானுக்கும் மழைக்கும் அசையாத மரம்

ராமு பெரியப்பா: மாரியம்மன்தானா

தேவி: மாரியம்மன்தான் பெரியப்பா. தோட்டத்து லயத்துக்கு முன்னால நம்ம கோயில் எப்படி இருந்துச்சோ அதே முகம்தான் மனசுல வந்துச்சு. சுத்தி ஒரு வீடு இல்ல, தேயிலைச் செடி இல்ல, கிராணி (கணக்கப்பிள்ளை) ஆபீஸ் இல்ல, கோயில் மட்டும்தான் நிக்குது

ராமு பெரியப்பா: எங்க தோட்டத்த வித்து வீடமைப்பு வந்தப்ப கோயில ஓரமா ஒதுக்கி வச்சாங்க, அதுக்கே எத்தன கூட்டம் போட்டோம். அங்க காட்டுக்குள்ள தேடிக் கண்டுபுடிச்சு எடுத்திருக்காங்க. நான் அத பாக்கணும்மா

குமார்: பெரியப்பா முட்டி வலின்னு சொல்லுவீங்களே, மலை ஏறணும்

ராமு பெரியப்பா: ரப்பர் தோட்டத்து பால்மரத்துல முப்பது வருஷம் நடந்த காலு இது. மெதுவா ஏறுவேன்

தேவி: ஃபோர்வீல் வச்சுப் போனா நடை கம்மிதான் அண்ணே, அந்த அண்ணன் நம்பர் வாங்கி வச்சிருக்கேன், காலையில கெளம்புனா மழைக்கு முன்ன எறங்கிடலாம்

குமார்: சரி. பள்ளி லீவுல டிக்கெட் பாக்கறேன், பெரியப்பா, நான், சாந்தி குடும்பம். லக்சாவையும் ஒரு கை பாத்துடுறேன், ஆனா சார் குவே தியாவ் நூடுல்ஸ்னா பினாங்குதான், அதுல பேச்சே இல்ல

தேவி: அத யாரு அண்ணே மாத்துனா. வர்றப்ப சனி ஞாயிறு சேத்து வச்சுக்குங்க, சாத்தோக் சந்தைக்குப் போகணும். மிடின் கட்டுக்கட்டா வரும், மஞ்சளா உருண்டையா தெரோங் ஆசாம்னு புளிச்ச கத்திரிக்கா, நீப்பா மரத்து வெல்லம் குலா அப்போங், எல்லாம் கம்பத்துலேர்ந்து நேரா கொண்டாந்து விக்கிறாங்க. எப்படி சமைக்கிறதுன்னு கேட்டா விக்கறவங்களே சொல்லிக் குடுப்பாங்க. நான் அந்த கத்திரிக்காய வாங்கி மீன்கொழம்புல போட்டுப் பாக்கப் போறேன், புளியே வேணாம்னு நினைக்கிறேன்

லெட்சுமி சித்தி: மிளகு அங்கதானே நல்லா இருக்கும்

தேவி: நம்ம நாட்டு மிளகுல பெரும்பகுதி சரவாக்லதான் வெளையுது சித்தி. காம்பியர் தெருவுல வாங்கறேன், கருப்பும் இருக்கு வெள்ளையும் இருக்கு

லெட்சுமி சித்தி: கருப்பு அரைக் கிலோ, வெள்ளை கால் கிலோ போதும். பொடி வேணாம் முழுசா வாங்கு. ரசத்துக்கு நானே தட்டிக்கறேன்

சாந்தி: எனக்கும் கருப்பு அரைக் கிலோ. காசு டச் அண்ட் கோல இப்பவே போடுறேன்