மறு: பழைய நகர் நடுவங்களின் ‘ரீஜெனரேஷன்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய நகரப் பகுதிகளை மீண்டும் செழிக்கவைப்பதை ஆங்கிலத்தில் ‘ரீஜெனரேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடி மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. இதுவரை வந்த சொற்கள்: மறுசீரமைப்பு, புத்துயிரூட்டல், மீளுருவாக்கம், புனரமைப்பு, நவீனமயமாக்கல். கடைசிச் சொல்லை இப்போதே தள்ளிவிடலாம். பழைய தெருக்களை அகலப்படுத்தியவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அகலப்படுத்தினார்கள்.

> சிங்கப்பூரில் ‘நகர மறுசீரமைப்பு ஆணையம்’ என்ற பெயர் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதுச்சொல்?

நியாயமான கேள்விதான். ஆனால் 1974இல் அமைந்த அந்த ஆணையத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘ரீடெவலப்மென்ட்’, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டுவது. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகியவற்றை 1989இல் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்ததும் அதே ஆணையம்தான். இடித்துக் கட்டுவதும் இடிக்காமல் காப்பதும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நடக்கலாம், அமைப்பின் பெயருக்கு அது குறை இல்லை. கலைச்சொல்லுக்கு அப்படி முடியாது. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தானே நாம் சொல் தேடுகிறோம்?

ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் வந்த வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்காவின் 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் ‘ரீடெவலப்மென்ட்’ என்றது. 1954இல் அது ‘அர்பன் ரினியூவல்’ (நகரப் புதுப்பிப்பு) ஆனது. பெயர் மென்மையானதே தவிர புல்டோசர் மாறவில்லை: பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியை 1958இல் இடிக்கத் தொடங்கியது அந்தப் பெயரில்தான். பிரிட்டனில் 1980களில் ‘ரீஜெனரேஷன்’ பரவலானது. ஆக மூன்று சொல், மூன்று காலம். மூன்றையும் ‘மறுசீரமைப்பு’ என்றே மொழிபெயர்த்தால் அந்த வரலாறு தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

> ‘புத்துயிரூட்டல்’ எளிமையாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்கிறதே?

புரிகிறது, அதுதான் சிக்கல். உயிர் ஊட்டுகிறோம் என்றால் இப்போது அங்கே உயிர் இல்லை என்று ஆகிறது. வெஸ்ட் எண்டைச் சேரி என்று அறிவித்த பிறகு, இடிப்பதற்குச் சற்று முன்பு, ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் அங்கே சில மாதங்கள் குடியிருந்து பார்த்தார். அவர் கண்டது உறவும் நட்பும் நெருக்கமாகப் பின்னிக்கிடந்த ஒரு குடியிருப்பு. பழைய நகரங்களைச் செத்த ஊர் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கடப்பாரையை எடுக்கிறார்கள். அந்த முதல் வேலையை நம் கலைச்சொல் செய்துகொடுக்க வேண்டாம்.

நல்ல மனதுடன் வைத்த பெயரிலும் இது ஒட்டிக்கொள்ளும். ஸ்காட்லாந்தில், எடின்பரோவின் பழைய நகரில் தானே குடியேறி, அங்கிருந்த வீடுகளைச் சீர்படுத்திய நகரத் திட்டமிடலாளர் பேட்ரிக் கெடிஸ் 1914இல் அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்தார். அகலச் சாலை போட வரிசையாக வீடுகளை இடிப்பதை விட, மிக மோசமான ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் வர விடுங்கள் என்பது அவர் வாதம். அதற்கு அவர் வைத்த பெயரை நாம் ‘காப்பு அறுவை’ எனலாம். சரியான கருத்துதான். ஆனாலும் ஊர் அறுவை மேசையில் படுத்திருக்கிறது, கத்தி வேறொருவர் கையில் இருக்கிறது.

‘மீளுருவாக்கம்’ நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய நகரம் இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான பிறகு, பெல்லொட்டோ என்ற 18ஆம் நூற்றாண்டு ஓவியர் தீட்டிய காட்சிகளையும் துணையாக வைத்துத் திரும்பக் கட்டினார்கள். 1980இல் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலிலும் சேர்ந்தது. அதுதான் மீளுருவாக்கம். ‘புனரமைப்பு’ தனிக் கட்டடத்துக்கு இருக்கட்டும்.

சரி, நாம் பெயர் வைக்கப் போகும் பொருள்தான் என்ன? எனக்குத் தெரிந்து அதற்கு மிக நெருங்கி வந்தது இத்தாலியின் போலோன்யா. புறநகரில் புது அடுக்ககங்கள் கட்டுவதற்கான பொது வீட்டுவசதிப் பணத்தை, 1973இல் அந்த நகராட்சி பழைய நகரின் வீடுகளைப் பழுதுபார்க்கத் திருப்பிவிட்டது. இருந்தவர்கள் அதே வட்டாரத்தில், கட்டக்கூடிய வாடகையில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் உள்ளேயே இருந்தது, பின்னால் ஒட்டவைத்த சலுகை இல்லை. திட்டம் முழுதாக நிறைவேறவில்லை என்றாலும் அதன் கருத்து ஊன்றி நின்றது.

இன்னொரு பக்கம் பினாங்கின் ஜார்ஜ் டவுன். பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது. கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வாடகை தாங்காமல் வெளியேறின. 2008இல் ஊர் உலக மரபிடம் ஆனது. சுவர் நின்றது, குடி போனது. இரண்டு ஊர்களுக்கும் ஒரே சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை.

இனி என் பரிந்துரை. முதலில் ‘மறுதாம்பு’ என்ற சொல்லில் மயங்கினேன். கரும்பை வெட்டிய பின் அதே கட்டையிலிருந்து மறுபடி கிளைக்குமே, அது. இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: மறுதாம்புக்கு முதலில் அடியோடு வெட்ட வேண்டும்! வெஸ்ட் எண்டுக்கே திரும்பிவிட்டேன்.

ஆகவே மறுதழைப்பு. தழைத்தல் மரத்துக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு. ‘குடி தழைக்க’ என்று வாழ்த்துகிறோம், ‘கட்டடம் தழைக்க’ என்று யாரும் சொல்வதில்லை. இருக்கிற வேரிலிருந்துதான் தழைக்க முடியும். இன்னொன்று, தமிழ் நம்மை ஒரு கேள்வி கேட்கும்: தழைத்தலா, தழைப்பித்தலா? ‘ரீஜெனரேஷன்’ என்ற பெயர்ச்சொல் தன்வினை, பிறவினை இரண்டையும் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கிறது. தமிழில் ஊர் தானே தழைக்கிறதா, யாரோ தழைப்பிக்கிறார்களா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை.

‘ஹிஸ்டாரிக் சென்டர்’ என்பதற்கு மூதூர். ‘அருங்கடி மூதூர்’ என்று முல்லைப்பாட்டிலேயே இருக்கிறது. ‘நடுவம்’ வேண்டாம் என்பேன். சுற்றிலும் நகரம் வளர்ந்ததால்தான் அது நடுவே வந்தது, தன்னளவில் அது முழு ஊர்.

கூடவே ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’. வசதி உள்ளவர்கள் வந்து குடியேற, வாடகை ஏறி, இருந்த எளியவர்கள் வெளியேற நேர்கிறதே, அது. லண்டனைப் பார்த்து 1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் இந்தச் சொல்லை உருவாக்கியபோது ‘ஜென்ட்ரி’ (மேட்டுக்குடி) என்பதில் ஒரு குத்தல் இருந்தது. ‘மேட்டுக்குடியாக்கம்’ அந்தக் குத்தலையும் சேர்த்துக் கொண்டுவருகிறது.

அன்புடன்.

---

மறு:

ஐயா, மூதூருக்கு என் வாக்கு உண்டு. திருகோணமலைப் பக்கம் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் குழப்பம் வரும், ‘மூதூர்ப் பகுதி’ என்று எழுதினால் சமாளிக்கலாம். மறுதழைப்புதான் உதைக்கிறது. அதை ஓர் அரசு அறிவிப்பில் போட்டுப் பார்த்தேன்: ‘மேற்படி பகுதி மறுதழைப்புக்கு உட்படுத்தப்படும்’. பார்த்தீர்களா, உங்கள் தன்வினை ஒரே வரியில் காலி. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ‘உட்படுத்தப்படும்’ அதைச் சாப்பிட்டுவிடும்.

---

மறு:

ஹா ஹா, வசமாகப் பிடித்துவிட்டீர்கள். ‘உட்படுத்தப்படும்’ என்பதை எதிர்த்து நிற்கும் கலைச்சொல் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும்போது காதில் ஏதோ இடறுகிறது, இல்லையா? ‘மறுசீரமைப்புக்கு உட்படுத்தப்படும்’ என்றால் இடறாது. அந்த இடறல் எனக்குப் போதும்.

கலைச்சொல் பதிவில் இப்படி இடலாமா: மறுதழைப்பு (பெயர்), மறுதழைத்தல் (குடியிருப்போர் முன்னெடுப்பது), மறுதழைப்பித்தல் (அரசோ முதலீட்டாளரோ செய்வது). மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அடுத்து ‘ஃபசாடிசம்’ காத்திருக்கிறது. முன்சுவரை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் கண்ணாடி அடுக்ககம் எழுப்புவார்களே, அது. ‘முகப்புக் காப்பு’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். காப்பு என்ற சொல்லை அதற்குத் தர எனக்கு விருப்பமில்லை. ‘முகப்பொட்டு’ எப்படி?