நாய்ப் போர்வைக்கு இன்னும் 11 சதுரங்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டு நாய் இனங்களான ராஜபாளையம், கோம்பை, கன்னி ஆகியவற்றின் உருவங்களுடன் நாம் சேர்ந்து பின்னும் வண்ணக் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வைக்கு, 15 செ.மீ. அளவுள்ள 48 சதுரங்களில் 37 வந்து சேர்ந்துள்ளன. ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் கோம்பையின் கறுத்த முகவாயும் அழகாக அமைந்துள்ளன. எஞ்சியவை கருநிறக் கன்னி நாய்க்கு உரியவை. கருப்பு நூலில் கண்ணிகளை எண்ணுவது கண்ணுக்குச் சிரமம் என்பதாலோ என்னவோ, அவற்றை எவரும் எடுக்கவில்லை.

எல்லோரும் 4 மி.மீ. ஊசியையே பயன்படுத்தியபோதும், கை இறுக்கத்தைப் பொறுத்து அளவு மாறுவதால், ஐந்து சதுரங்கள் ஒரு செ.மீ. சிறுத்துவிட்டன (என்னுடையதும் அவற்றில் ஒன்று). அவற்றைப் பிரிக்காமல், ஓரத்தில் சிங்கிள் குரோஷாவில் (உயரம் குறைந்த அடிப்படைப் பின்னலில்) மேலும் ஒரு சுற்றுப் பின்னிச் சரிசெய்யலாமா, அல்லது இணைக்கும்போது ஓரம் தடித்துத் தெரியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். கன்னியைப் பின்ன முன்வருவோர், பருத்தி நூல் துவைத்தால் சுருங்கக்கூடும் என்பதால், அக்ரிலிக் நூலையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.