மறுமொழி: புரோலாக்டினுக்குத் தமிழ்ச் சொல் – 'பால்' வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனுக்கு, இழையைத் தொடங்கிய ஐயா 'பால்சுரப்பு இயக்குநீர்' (இயக்குநீர் என்றால் ஹார்மோன்) என்று முன்மொழிந்திருந்தார். பலரும் சரி என்று எழுதிவிட்டீர்கள். முடிவாவதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். விலங்கியல் பாடம் நடத்துகிறவள் நான். இந்த ஹார்மோனின் பெயரை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், சொன்ன கையோடு அதைத் திருத்தவும் வேண்டியிருக்கிறது.

முதலில் புறாவை எடுத்துக்கொள்வோம். வீட்டில் புறா வளர்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பொரித்த குஞ்சு பெற்றோரின் வாய்க்குள் அலகை விட்டு, தயிர்க்கட்டி போன்ற ஒன்றை வாங்கி விழுங்கும். புறாப்பால் என்கிறோமே, அதுதான். முதல் சில நாள் குஞ்சுக்கு அதுதான் உணவு. கழுத்தடியில் இரை தங்கும் தீனிப்பையின் உட்சுவர் தடித்து, கொழுப்பும் புரதமும் நிறைந்த செல்கள் உதிர்ந்து வருவது அது. அதைச் சுரக்கும் மார்பும் கிடையாது, அதில் பால் சர்க்கரையும் கிடையாது. தாய் கொடுப்பது போலவே தந்தையும் கொடுக்கும். இரண்டிலும் தீனிப்பையைத் தடிக்க வைப்பது புரோலாக்டின்.

இந்த ஹார்மோனின் வரலாற்றிலேயே புறாவுக்குப் பெரிய இடம் உண்டு. 1928இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஸ்ட்ரிக்கரும் குரூட்டரும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தி முயலில் பால் சுரக்க வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் குழுவினர் அதைப் பிரித்தெடுத்து 'புரோலாக்டின்' என்று பெயரிட்டார்கள். சாற்றில் எவ்வளவு ஹார்மோன் இருக்கிறது என்று அவர்கள் அளந்தது புறாவின் தீனிப்பை எவ்வளவு எடை கூடியது என்பதை வைத்துத்தான்.

மீனுக்கு வந்தால் பால் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. நன்னீரில் இருக்கும் மீனின் உடம்பில் உப்பு அதிகம், சுற்றியுள்ள தண்ணீரில் குறைவு. செவுள் வழியே உப்பு வெளியே போய்க்கொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அட்லாண்டிக் கரையோர உப்பங்கழிகளில் வாழும் கில்லிமீனின் பிட்யூட்டரியை நீக்கிவிட்டால், கடல்நீரில் பிழைத்துக்கொள்ளும். நன்னீரில் விட்டால் செத்துவிடும். அதற்குப் புரோலாக்டின் கொடுத்தால் நன்னீரிலும் பிழைக்கிறது என்று 1959இல் கிரேஸ் பிக்ஃபோர்டும் ஃபிலிப்ஸும் காட்டினார்கள். உப்பை உள்ளே பிடித்துவைத்து, தண்ணீர் வரவைக் குறைப்பதுதான் அங்கே அதன் வேலை. இந்த மீனை வைத்துக்கொண்டு மாணவர்களிடம் 'பால்சுரப்பு' என்று எப்படிச் சொல்வேன்?

வட அமெரிக்காவில் நியூட் என்ற வாலுள்ள இருவாழ்வி ஒன்று உண்டு. குளத்தில் பிறந்து, செந்நிறத் தோலோடு சில ஆண்டுகள் தரையில் திரிந்துவிட்டு, இனப்பெருக்கத்துக்கு மறுபடி தண்ணீருக்குத் திரும்பும். அப்படித் திரும்பத் தூண்டுவதும் இதே ஹார்மோன். நம் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்து, தீனிக்குக்கூட எழ மனமில்லாமல் முட்டையோடு கிடக்கிறதே, அப்போது அதன் இரத்தத்தில் ஏறியிருப்பதும் இதுதான். மார்மோசெட் குரங்குகளில் குட்டியைச் சுமந்து திரியும் தந்தைக்கும் இது கூடுகிறது.

> ஆங்கிலத்திலேயே பால் என்ற பொருளில்தானே பெயர் இருக்கிறது? நாம் மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

நல்ல கேள்வி ஐயா. ஆனால் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயருக்குள் இருக்கும் லத்தீன் வேர் கண்ணில் படாது. வெறும் பெயராகத்தான் மனத்தில் நிற்கும். தமிழில் 'பால்சுரப்பு' என்று எழுதினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பொருள் புரியும். நம் கலைச்சொற்களின் பெரிய பலம் அது. அதனாலேயே பொருள் பிசகினால் நம் சொல் செய்யும் கெடுதலும் பெரிது.

இதை நேரில் பார்த்தேன். உறவுக்காரர் ஒருவருக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள் குழந்தை இல்லை. ஆணுக்கும் புரோலாக்டின் அளவு மிகுந்தால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையும் என்பதால், மருத்துவர் அவருக்கும் அந்தச் சோதனை எழுதியிருந்தார். தமிழ்க் கையேட்டில் 'பால்சுரப்பு ஹார்மோன்' என்று படித்துவிட்டு, மனைவியின் சீட்டைத் தன்னிடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் சோதனைக்கே போகவில்லை. மூன்று மாதம் வீணாயிற்று.

சுருக்கமாக 'பால் இயக்குநீர்' என்றால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதில் வேறு சிக்கல். ஆண்பால், பெண்பால் என்பதிலும் 'பால்'தான் இருக்கிறது. பாலின ஹார்மோன்களைப் பற்றிய அதே பாடத்தில் இதுவும் வந்தால் மாணவர் நிச்சயம் குழம்புவார்.

பள்ளிப் பாடங்களில் இதற்கு வரும் 'லூட்டியோட்ரோபிக் ஹார்மோன்' என்ற இன்னொரு பெயரும் உதவாது. எலியில் மஞ்சள் உடலத்தை (சினைமுட்டை வெளியேறியபின் சூலகத்தில் உருவாவது) காப்பதை வைத்து வந்த பெயர் அது. மனிதரில் அந்த வேலை வேறு ஹார்மோன்களுடையது.

சரி, மாற்று என்ன? 'பேணுநீர்' என்று முன்மொழிகிறேன். பிள்ளையைப் பேணுகிறோம், உடல்நலத்தையும் பேணுகிறோம். வளர்த்தல், காத்தல், நிலைகுலையாமல் வைத்திருத்தல் எல்லாம் அந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. புறாக் குஞ்சும் கோழி முட்டையும் தாய்ப்பாலும் அதில் அடங்கும். மீன் உப்பைப் பேணுவதும் வலிந்து பொருத்தாமலே பொருந்துகிறது. நியூட் தண்ணீருக்குத் திரும்புவது மட்டும் இதில் முழுதாக அடங்கவில்லை. ஆனாலும் 'பால்சுரப்பு' விடுகிற இடைவெளியோடு ஒப்பிட்டால் இது சிறியது. செல்லில் இந்த ஹார்மோன் போய் ஒட்டும் ஏற்பியைப் 'பேணுநீர் ஏற்பி' என்றும், இரத்தத்தில் அளவு மிகுந்த நிலையை 'மிகைப் பேணுநீர்மை' என்றும் சொல்லலாம்.

'புறந்தருநீர்' என்பதையும் யோசித்தேன். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற புறநானூற்று அடியில் வரும் சொல். ஈன்றபின் வளர்த்தெடுப்பதைச் சொல்வதால் பொருளும் மிக நெருக்கம். எனக்கு அதன்மேல் ஆசைதான். ஆனால் நாம் புறத்தோல், புறச்செவி என்று எழுதி எழுதி, அறிவியலில் 'புறம்' என்றாலே 'வெளி' என்று ஆகிவிட்டது. உடலுக்கு வெளியே சுரப்பது என்று மாணவர் எடுத்துக்கொள்வார். மனமில்லாமல்தான் விட்டேன்.

> ஹார்மோன் ஒரு வேதிப்பொருள். அதை எப்படி 'நீர்' என்பது?

உமிழ்நீர், கண்ணீர், சிறுநீர் என்று உடல் வெளியிடும் பலவற்றையும் தமிழ் 'நீர்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. 'இயக்குநீர்' என்பதும் அந்த வழியில் வந்ததுதான். கிளர்த்துவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 1905இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று எடுத்தாண்டதோடும் அது ஒத்துப்போகிறது. 'ஊக்கி' என்று முடித்தால் வினையூக்கியோடு மோதும்.

மருத்துவச் சீட்டிலும் சோதனை முடிவிலும் 'புரோலாக்டின்' அப்படியே இருக்கட்டும், அங்கே கை வைக்க வேண்டாம். பாடநூலுக்கும் கட்டுரைக்கும்தான் இந்தச் சொல். அடைப்புக்குள் புரோலாக்டின் என்று சில காலம் சேர்த்தே எழுதலாம்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கம் 'பேணி' என்றால் தகரக் குவளை. மூக்குப் பேணி என்ற பெயரையும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் 'பேணி' என்று நிறுத்தாமல் 'பேணுநீர்' என்று வைத்தேன். ஹார்மோனை நீங்கள் ஓமோன் என்று எழுதும் பாடத்தில் 'பேணுநீர்' என்று வந்தால், பிள்ளைகளுக்குப் பேணியில் ஊற்றிய தண்ணீர் நினைவுக்கு வருமா? வரும் என்றால் சொல்லுங்கள், வேறு பார்ப்போம்.